பிரேக் கியூ: 18-ஆ, 19-ஆ, 21-ஆ?

பச்சைத்துணி (கோவை)

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருடம் ஸ்னூக்கர் ஆடிவிட்டு, போன வருடம்தான் பூல் பக்கம் வந்தேன். 9 அடி மேசையில் எட்டுப்பந்தும் ஒன்பதுபந்தும் ஆடுகிறோம். என் கியூ (ஆடும் கோல்) 19 அவுன்ஸ். இதுவரை பிரேக்கையும் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) அதிலேயே அடித்துக்கொண்டிருந்தேன். டிப்பின் (கியூ முனையில் உள்ள தோலின்) ஓரம் பிதுங்கி, மேற்பரப்பு கல் மாதிரி இறுகிவிட்டது. அதனால் பிரேக்குக்குத் தனியாக ஒரு கியூ வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

குழப்பம் எடையில்தான். ஒரு கடையில் கேட்டேன். "பிரேக் என்றால் கனமாகத்தான் எடுக்கணும், 21-க்குக் கீழே போகாதீங்க" என்றார்கள். எங்கள் க்ளப்பில் நன்றாக ஆடும் ஓர் அண்ணன் 18 வைத்து அடிக்கிறார். அவர் அடித்தால் பதினைந்து பந்தும் நாலாபக்கமும் சிதறும். நான் அவருடைய 18-ஐ வாங்கி அடித்தால் வெள்ளைப் பந்து மேசையை விட்டே பறக்கிறது. க்ளப்பில் கிடக்கும் பழைய 21-ல் அடித்தால் பறப்பதில்லை, ஆனால் பந்துகள் சோம்பலாகப் பிரிகின்றன.

ஸ்னூக்கரில் பிரேக் என்பது ஓரப் பந்தை உரசிவிட்டு வெள்ளையைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது. இப்படி முழு பலத்தோடு அடித்துப் பழக்கமே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

இரும்புக்கை (மதுரை)

தம்பி, நான் பத்து வருடத்துக்கு மேல் 21-ல்தான் பிரேக் அடிக்கிறேன். கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. கனமான கியூ தன் பாதையில் தானே போகும். கடைசி நேரத்தில் கை கொஞ்சம் ஆடினாலும் அது சட்டென்று திரும்பாது. லேசான கியூ அப்படி இல்லை. மணிக்கட்டில் சின்ன பதற்றம் வந்தால் போதும், டிப் வேறு இடத்தில் போய்ப் படும்.

சோம்பலாகப் பிரிகிறது என்றால் 21-க்கு உங்கள் கை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள்.

---

கணக்கர் (சென்னை)

இரும்புக்கை அண்ணா சொன்ன "தானே போகும்" என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கனம் கூடினால் வேகம் கூடும் என்று கடைகளில் சொல்வது எவ்வளவு உண்மை என்று ஒருமுறை கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பூல் பந்து ஒன்றின் எடை 156 முதல் 170 கிராம் வரை. 6 அவுன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கியூ பந்தில் மோதும்போது அதன் வேகத்தில் எவ்வளவு பந்துக்குப் போகும் என்பது, கியூவின் எடையை இரண்டின் மொத்த எடையால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. 18 அவுன்ஸ் என்றால் 18/24, அதாவது 0.75. 19 என்றால் 0.76. 21 என்றால் 0.778. விதியில் உச்சமாக அனுமதிக்கும் 25-க்கே போனாலும் 0.806 தான்.

அதாவது கை வேகம் கொஞ்சமும் குறையாமல் 18-லிருந்து 21-க்கு மாறினால் பந்தின் வேகம் 4 சதவீதத்துக்கும் கீழேதான் கூடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிப்பவருக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மூன்று அவுன்ஸ் கூடினதால் கை வேகம் அதே 4 சதவீதம் குறைந்தால் கிடைத்தது அத்தனையும் போச்சு.

அப்படியானால் லேசாக எடுத்தால் கை பறக்குமா? அதுவும் இல்லை. எழுபது கிலோ ஆளுக்கு முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்தாலே ஒன்றரைக் கிலோ வரும். நாம் வீசுவது கியூவை மட்டும் இல்லை, அந்தக் கையையும் சேர்த்துத்தான். அதில் 57 கிராம் (இரண்டு அவுன்ஸ்) கழித்தால் கைக்குப் பெரிய விடுதலை ஒன்றும் கிடைக்காது. இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் எடையால் வரும் லாபம் சின்னதுதான். பச்சைத்துணி பார்த்த வித்தியாசம் அதைவிடப் பெரியது. அதனால் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

---

நூலிழை (ஈப்போ)

25 அவுன்ஸ் வரை விதியில் உண்டா? எனக்குத் தெரியாது. நன்றி கணக்கர்.

---

கணக்கர் (சென்னை)

ஆமாம். உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் கருவி விதியில் கியூவுக்கு உச்ச எடை 25 அவுன்ஸ், ஏறக்குறைய 709 கிராம். குறைந்தபட்ச எடை என்று எதுவும் இல்லை. நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. டிப் அகலம் 14 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் கட்டுப்பாடு.

---

மூலைப்பை (சென்னை)

நான் பல வருடம் மேசைத் துணி மாற்றும் வேலை செய்தவன். ஒரு ஹாலில் எந்த இடத்தில் துணி முதலில் தேய்கிறது, பிரேக் அடிக்கும் இடத்தில் எவ்வளவு ஆழமாகத் தடம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்தே ஆட்களின் பிரேக் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். பிரேக்கில் வெள்ளைப் பந்து கிளம்பும்போதே துணியில் குத்தி எழும்பும். ஓயாமல் வேகமாக அடிக்கும் ஹாலில் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் கூட்டமாக இருக்கும்.

பச்சைத்துணி எழுதியதில் முக்கியமான வரி இதுதான்:

> அவருடைய 18-ஐ வாங்கி அடித்தால் வெள்ளைப் பந்து மேசையை விட்டே பறக்கிறது

இதற்கு 18 காரணம் இல்லை. வெள்ளைப் பந்தைக் குஷனுக்குப் பக்கத்தில் வைத்து அடிக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி வைத்தால் கியூவின் பின்பக்கம் குஷன் கட்டைக்கு மேலே தூக்கித்தான் இருக்கும். மேலிருந்து கீழ்நோக்கி அடிப்பதால் பந்து துணியில் குத்தி எழும்பி, காற்றிலேயே போய் முதல் பந்தின் நடுவுக்கு மேலே படுகிறது. பிறகு பறக்காமல் என்ன செய்யும்? போன வேகத்தில் ஒரு பகுதியை மேலே எழும்பவே செலவழித்துவிடும், ரேக்குக்கு (அடுக்கிய பந்துகளுக்கு) மிச்சம்தான். மெதுவான கியூவில் இது தெரியாது, கொஞ்சம் வேகமான கியூவில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். 21-ல் நீங்கள் மெதுவாக அடிப்பதால் அது பத்திரமான கியூ மாதிரித் தோன்றுகிறது.

பந்தைக் குஷனிலிருந்து தள்ளி, தலைக்கோட்டுக்குப் (அடிக்கும் பக்கத்திலிருந்து மேசை நீளத்தில் கால்பங்கு தள்ளி வரும் குறுக்குக்கோடு) பக்கமாகக் கொண்டு வாருங்கள். கியூவை எவ்வளவு தாழ்த்த முடியுமோ தாழ்த்துங்கள். அதே 18-ல் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது, நல்ல பிரேக் என்பது என்ன? சிதறல் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதல் பந்தை முழுசாக, நேராக அடித்திருந்தால் வெள்ளைப் பந்து லேசாகப் பின்வாங்கி மேசை நடுவில் நிற்கும். அதன் வேகம் எல்லாம் ரேக்குக்குள் போய்விட்டது என்று அதுதான் சாட்சி. வெள்ளை பக்கவாட்டில் ஓடிப் போய்க் குஷனில் முட்டுகிறதா? அந்த ஓட்டம் அத்தனையும் ரேக்குக்குப் போகாத வேகம். கணக்கர் சொன்ன 4 சதவீதம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அரைப் பந்து தள்ளிப் பட்டால் வேகத்தில் ஏறக்குறைய பாதியை வெள்ளையே வைத்துக்கொண்டு ஓடிவிடும்.

ஆகவே நான் யாருக்கு எடை சொன்னாலும் இதை வைத்துத்தான் சொல்வேன்: பத்து பிரேக்கில் எத்தனை முறை வெள்ளை நடுவில் நிற்கிறது? அந்த எண்ணிக்கை குறையாமல் எந்தக் கியூவில் அதிக வேகம் வருகிறதோ அதுதான் உங்கள் கியூ. சிலருக்கு அது 18, சிலருக்கு 20. இரும்புக்கைக்கு 21 என்றால் அவருக்கு அது சரியாகவே இருக்கும், ஏனென்றால் அவர் வெள்ளை நிற்கிறது.

---

இரும்புக்கை (மதுரை)

நிற்கும். பத்துக்கு ஏழு தடவையாவது நிற்கும். ஆனால் மூலைப்பை சார் சொன்ன பிறகு ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வேகமாக இழுத்து அடிக்கும் பழக்கமே இல்லை. பின்னால் மெதுவாக இழுத்து, நிறுத்தி, தள்ளுவேன். அந்த மாதிரி அடிக்குக் கனம் பொருந்துகிறது. சட்டென்று வீசி அடிப்பவர்களுக்கு நான் சொன்னது பொருந்தாமல் போகலாம்.

---

வெண்பந்து (சிங்கப்பூர்)

இந்த இழையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் ஆட ஆரம்பித்தபோது எல்லாரும் கையில் 18-ஐக் கொடுத்து "உங்களுக்கு இதுதான் சரி, கை வலிக்காது" என்பார்கள். பெண் என்றால் லேசான கியூ என்று முடிவே செய்துவிட்டார்கள். மூன்று வருடம் அதில் அடித்தேன். எனக்கு மட்டும் நேராகப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தோழியின் 19.5-ல் அடித்தேன். முதல் முறையாக வெள்ளை அசையாமல் நின்றது.

காரணம் உடம்பு பலம் இல்லை. என் கை வீச்சு நீளமானது, நிதானமானது. லேசான கியூவில் என் கை பந்தைத் தொடும் முன்பே உச்ச வேகத்துக்குப் போய், தொடும் நேரத்தில் தளர ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கனம் வந்ததும் உச்ச வேகம் சரியாகப் பந்தில் வந்து விழுந்தது. எனக்குத் தெரிந்த ஆறடி உயர ஆள் ஒருவர் 17.5-ல் அற்புதமாக அடிக்கிறார். அவர் வீச்சு குட்டையானது, சவுக்கு மாதிரி. ஆகவே உயரம், எடை, ஆண், பெண் இதையெல்லாம் பார்த்துக் கியூ கொடுக்காதீர்கள். ஆள் கை வீசுவதைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் பாதி அவுன்ஸ் வித்தியாசத்தில் இரண்டு மூன்று கியூ அடித்துப் பார்க்க முடிந்தால் நல்லது.

---

பனிமேசை (டொரொண்டோ)

இங்கே பார்களில் காசு போட்டு ஆடும் 7 அடி மேசைதான் அதிகம். பழைய மேசைகளில் வெள்ளைப் பந்து மற்ற பந்துகளைவிடக் கனமாகவோ பெரிதாகவோ இருக்கும், மேசை அதைத் தனியாகப் பிரித்துத் திருப்பி அனுப்புவதற்காக. அதில் வெள்ளை நடுவில் நிற்காது, ரேக்கைத் துளைத்துக்கொண்டு முன்னாலேயே போகும். நிறுத்த வேண்டும் என்றால் நடுவுக்குக் கொஞ்சம் கீழே அடிக்க வேண்டும். மூலைப்பை சொன்ன அளவுகோல் ஒரே எடை கொண்ட பந்துகளுக்குத்தான் பொருந்தும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. பிரேக் என்றாலே பலம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் விடலாம். 2001-ல் கோரி டூயல் யு.எஸ். ஓபன் ஒன்பதுபந்துப் பட்டத்தை மெல்லிய பிரேக்கை வைத்தே வென்றார். ரேக் இறுக்கமாக இருந்தால் ஓரப் பந்து மெல்லிய அடியிலும் மூலைப் பைக்குள் போகும் என்பதைக் கண்டுகொண்டு ஆடினார். அப்புறம் பல போட்டிகளில் மூன்று பந்தாவது தலைக்கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும், இல்லை பைக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. இன்னொரு பக்கம் ஷேன் வான் போனிங் மாதிரி பிரேக்கின் பலத்தையும் நேர்த்தியையும் சேர்த்து வைத்து 2022-ல் உலக ஒன்பதுபந்துப் பட்டம் வென்றவர்களும் உண்டு.

நீங்கள் அதிகம் ஆடுவது எட்டுப்பந்தா ஒன்பதுபந்தா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எட்டுப்பந்தில் பதினைந்து பந்தைப் பிரிக்க வேகம் தேவைப்படும். ஒன்பதுபந்தில் ரேக் இறுகியிருந்தால் நேர்த்தி போதும்.

---

பச்சைத்துணி (கோவை)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மூலைப்பை சார், நீங்கள் சொன்னது அப்படியே சரி. நான் குஷனை ஒட்டித்தான் வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்னூக்கரில் பிரவுனுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் வைத்து அடித்தவன், பூலுக்கு வந்ததும் எல்லாரும் குஷன் பக்கம் வைக்கிறார்கள் என்று நானும் வைத்தேன்.

இரண்டு கேள்வி. கியூ எடையை வீட்டிலேயே மாற்ற முடியுமா? பிரேக் கியூவுக்குத் தனி டிப் வேண்டுமா?

---

கணக்கர் (சென்னை)

டிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். தோல் டிப் பந்தில் படும்போது அமுங்கும், அந்த அமுக்கத்தில் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். பினாலிக் மாதிரியான கெட்டி டிப்பில் இழப்பு குறைவு. 19-லிருந்து 21-க்குப் போவதில் கிடைக்கும் இரண்டு சதவீதத்தைவிடத் தோலிலிருந்து கெட்டி டிப்புக்குப் போவதில் கிடைப்பது அதிகம். ஆனால் கெட்டி டிப், அதில் தேய்க்கும் சாக் பொடியைச் சரியாகப் பிடிக்காது. நடுவை விட்டு விலகி அடித்தால் வழுக்கிவிடும். வெள்ளைப் பந்திலும் தழும்பு விழும். சில ஹால்களில் அதனாலேயே அனுமதிப்பதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். மிகக் கடினமாக அழுத்திய தோல் டிப் நடுவழி.

ஒரு வேண்டுகோள்: எடையையும் டிப்பையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

---

மூலைப்பை (சென்னை)

எடை மாற்றலாம். பெரும்பாலான கியூவில் பின்முனை ரப்பரைக் கழற்றினால் உள்ளே ஒரு எடை போல்ட் இருக்கும், ஆறுமுகச் சாவி போட்டுத் திருகலாம். பாதி, ஒன்று, இரண்டு அவுன்ஸ் என்று பல அளவில் போல்ட் விற்கிறார்கள். ஆனால் எல்லாக் கம்பெனி போல்ட்டும் ஒரே மரை இல்லை. உங்கள் கியூவுக்கு உரியதை வாங்குங்கள், இல்லையென்றால் உள்ளே மரை கெட்டுவிடும்.

இதில் பலரும் கவனிக்காதது சமநிலை. ஒரு விரலில் கியூவை வைத்துப் பாருங்கள், சாதாரணமாகப் பின்முனையிலிருந்து 18, 19 அங்குலத்தில் நிற்கும். பின்னால் போல்ட் சேர்த்தால் அந்த இடம் பின்னே நகரும், முன்பக்கம் லேசாகத் தெரியும். எடுத்துவிட்டால் முன்னே நகரும். இரண்டு பேர் இரண்டு 19 அவுன்ஸ் கியூவை எடுத்து, ஒன்று கனம், ஒன்று லேசு என்று சொல்வார்கள். தராசில் வைத்தால் ஒரே எடை. முன்பாரம் உள்ள கியூதான் கையில் கனமாகத் தெரிந்திருக்கும். பச்சைத்துணி, உங்கள் க்ளப்பின் பழைய 21 பின்பாரமா முன்பாரமா என்று ஒரு தடவை விரலில் வைத்துப் பாருங்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

---

நூலிழை (ஈப்போ)

கைபேசியில் பிரேக் வேகம் அளக்கும் செயலி இருக்கிறது. டிப் வெள்ளையில் படும் சத்தத்துக்கும் வெள்ளை ரேக்கில் படும் சத்தத்துக்கும் நடுவில் உள்ள நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லும். 9 அடி மேசையில் தலைக்கோட்டிலிருந்து முதல் பந்து வைக்கும் புள்ளிக்கு 50 அங்குலம். தலைக்கோட்டிலேயே வைத்து அடித்தால் கணக்கு சுத்தமாக வரும். சத்தம் போடாத நேரத்தில் போய் அளந்து பாருங்கள், இல்லையென்றால் பக்கத்து மேசை பிரேக்கையும் சேர்த்துக் காட்டும்.

---

பச்சைத்துணி (கோவை)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், நிதானமாகச் செய்து பார்க்க நினைத்தேன்.

முதல் வாரம் எதுவும் வாங்கவில்லை. தலைக்கோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையை வைத்து, கியூவைத் தாழ்த்தி, என் 19-லேயே அடித்தேன். பந்து பறப்பது முதல் நாளே நின்றுவிட்டது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாவது வாரம் அண்ணனுடைய 18, என் 19, க்ளப்பின் 21, மூன்றிலும் இருபது இருபது பிரேக். நூலிழை சொன்ன செயலியை வைத்து அளந்தேன். வேகத்தில் 18-க்கும் 19-க்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. 21 கொஞ்சம் குறைவு. ஆனால் நடுவில் நின்ற எண்ணிக்கையில்தான் வித்தியாசம்: 18-ல் ஆறு, 19-ல் பதினொன்று, 21-ல் பத்து. 18-ல் தப்பியது எல்லாம் ஒரே பக்கம், முதல் பந்தின் வலதுபக்கம் போய்ப் பட்டது. மூலைப்பை சார் சந்தேகப்பட்டது மாதிரியே அந்தப் பழைய 21 நல்ல பின்பாரம், விரலில் வைத்தால் 17 அங்குலத்திலேயே நிற்கிறது.

மூன்றாவது வாரம் 19 அவுன்ஸ் பிரேக் கியூ ஒன்று வாங்கிவிட்டேன். பினாலிக் வேண்டாம் என்று கடினத் தோல் டிப். பின்னால் ஒரு அவுன்ஸ் போல்ட் இருக்கிறது, எடுத்தால் 18 ஆகும். இப்போதைக்கு எடுக்கப்போவதில்லை.

---

வெண்பந்து (சிங்கப்பூர்)

18-ல் எல்லாம் ஒரே பக்கம் போனது என்றால் அது எடை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். பிரிட்ஜ் நீளத்தை (மேசையில் ஊன்றிக் கியூவைத் தாங்கும் கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் உள்ள தூரம்) பாருங்கள். கை ஆடி டிப் நடுவிலிருந்து விலகிப் பட்டால் வெள்ளை எதிர்ப்பக்கம் விலகும். பிரிட்ஜ் நீளம் அந்தக் கியூவுக்குச் சரியாக அமைந்தால் கியூ திரும்பினதும் பந்து விலகினதும் ஒன்றையொன்று சரிக்கட்டி, பந்து நேராகவே போகும். இந்த நீளம் கியூவுக்குக் கியூ மாறும். ஷாப்டின் (கியூவின் முன்பாதி) முன்முனை எவ்வளவு கனமோ அதைப் பொறுத்தது. அண்ணனுடைய கியூ அவருடைய பிரிட்ஜுக்குப் பொருந்தியிருக்கும், உங்களுடையதுக்கு இல்லை.

புதுக் கியூவில் பிரிட்ஜை ஓர் அங்குலம் முன்னும் பின்னும் வைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் விலகி அடித்துப் பாருங்கள். எந்த நீளத்தில் பந்து நேராகப் போகிறதோ அங்கே ஷாப்டில் சின்னதாக ஒரு ஒட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

இரும்புக்கை (மதுரை)

இதை நானும் செய்து பார்க்கப்போகிறேன். அப்படியே ஒரு 19.5 கிடைத்தால் அதிலும் இருபது அடித்துப் பார்க்கிறேன். என் 21-ல் ஏழு என்று எழுதினேன், எண்ணிப் பார்த்து எழுதியது இல்லை. எண்ணிவிட்டுச் சொல்கிறேன்.

---

பச்சைத்துணி (கோவை)

ஒட்டு வைத்துவிட்டேன் வெண்பந்து அக்கா. நான் வழக்கமாக வைக்கும் இடத்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் வருகிறது, அதாவது பிரிட்ஜ் இன்னும் நீளமாக வேண்டுமாம். ஸ்னூக்கர் கை, குட்டைப் பிரிட்ஜுக்கே போகிறது. இன்று சாயங்காலம் இருபதுக்குப் பதின்மூன்று நின்றது.